அறியாத மொழியை மொழிபெயர்த்தவன்

ஒரு மனிதனின் சாவுக்கு நான் காரணம். அந்தப் பழியை இன்னொருவன் தலையில் கட்டியவனும் நானே! இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

ஒரு சின்னப் பொய்யில்தான் தொடங்கியது. துபாயில், சத்வாவில் ஒரு துணிக்கடையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கிழக்கு ஆப்பிரிக்க வியாபாரிகள் அங்கே வருவார்கள். அவர்கள் பேசிய ஸ்வாஹிலி மொழியில் ஐந்தாறு சொற்களைப் பொறுக்கிக்கொண்டேன். வணக்கம், நலமா, என்ன விலை, சரி, நன்றி... அவ்வளவுதான்.

பிறகு ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் ஆலையில் கூலியாளாகச் சேர்ந்தேன். வெயில், புழுதி, இருமல். அங்கே ஒருநாள் தான்சானியாவிலிருந்து ஜுமா, ஹமீசி என்று இருவர் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு இந்தியும் வராது, ஆங்கிலமும் வராது. திருநெல்வேலிக்காரரான எங்கள் ஃபோர்மேன் அண்ணாச்சி விழித்துக்கொண்டு நின்றபோது, நான் "ஜாம்போ! ஹபாரி!" என்றேன். அந்த இரண்டு முகங்களும் மலர்ந்தன.

"ஏலே, ஆப்பிரிக்கா பாஷை ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி."

ஒரு கண்டம் முழுவதற்கும் ஒரே பாஷை என்று அவர் நினைத்தார். நான் திருத்தவில்லை. மறுநாள் முதல் எனக்கு ஏசி போட்ட கன்ட்ரோல் ரூமில், வாக்கிடாக்கிக்கு முன்னால் ஒரு நாற்காலி. சைகையாலும் சிரிப்பாலும் நான்கு மாதம் ஓட்டினேன். இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்...

அன்று நண்பகல். சுண்ணாம்புக்கல் கொட்டும் பெரிய தொட்டி அடைத்துக்கொண்டது. அதன் அடியில் கல்லை நொறுக்கும் இயந்திரத்தை நிறுத்திய பிறகு ஜுமாவும் ஹமீசியும் அடைப்பை எடுக்க உள்ளே இறங்கினார்கள். தொட்டி எங்கள் அறையிலிருந்து தெரியாது. இருவரும் வெளியே வந்ததும் ஜுமா வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும். அதன்பிறகே சுவிட்சைப் போடலாம்.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"குனா ம்த்து ந்தானி."

எனக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னான். மூன்றாம் முறையும் சொன்னான். பதற்றமே இல்லாத, நிதானமான குரல். அந்தக் குரலுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இன்னொரு குரல் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. எதிரொலி என்று நினைத்தேன்... உண்மையில் நினைத்தேனா? அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினேனா?

"என்னலே சொல்லுதான்?"

புரியவில்லை அண்ணாச்சி, ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்... இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்! நாற்காலி போய்விடுமே என்று பயந்தேன்.

"கிளியராம் அண்ணாச்சி. போடலாம்னு சொல்றான்."

ஜுமாவுக்கு "ஸாவா" என்று பதில் கொடுத்தேன். சரி என்று பொருள். அண்ணாச்சி சுவிட்சைப் போட்டார்.

முணுமுணுப்பு நின்றது.

மறந்துவிட்ட கடப்பாரையை எடுக்க மறுபடி உள்ளே இறங்கியிருந்த ஹமீசி, உயிரோடு வெளியே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆலை அலுவலகத்தில் விசாரணை. மொழிபெயர்க்க யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? என்னை!

ஜுமா என் கண்களைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசினான். நடுவே அதே சொற்கள் வந்தன. மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினான். அந்த விரல்கள் எந்த மொழிக்காரனுக்கும் விளங்கும்... எனக்கும் விளங்கின.

"கவனிக்காமல் கிளியர் என்று சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது என்கிறான்" என்று அதிகாரியிடம் இந்தியில் சொன்னேன்.

தான் சொன்னதைத்தான் நான் எடுத்துச் சொல்கிறேன் என்று நம்பி ஜுமா தலையசைத்தான். அந்தத் தலையசைப்பை ஒப்புதலாக எழுதிக்கொண்டார்கள்.

அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டியில் ஏறுமுன் ஒரு சிகரெட் அட்டையில் தன் ஊர்த் தொலைபேசி எண்ணை எழுதி என் கையில் திணித்தான். "அசாந்தே" என்றான். அந்தச் சொல் எனக்குத் தெரியும். நன்றி!

நான் அந்த ஆலையை விட்டு ஓமானுக்கு, சோஹாருக்குப் போனேன். ஜுமா மூன்று முறை சொன்ன அந்த வாக்கியமும் கூடவே வந்தது. குழாயில் தண்ணீர் அடைத்து இரையும்போது கேட்டது. லிஃப்ட் கதவு மூடும்போது கேட்டது. ஒருநாள் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது கண்ணாடியில் என் உதடுகள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தன...

எங்கள் கேம்ப் அருகே என் வயது ஓமானி ஒருவர் மளிகைக்கடை வைத்திருந்தார். அவர் குடும்பம் சான்சிபாரிலிருந்து திரும்பி வந்தது. கடையில் அரபியும், எங்களோடு இந்தியும் பேசுவார். அவர் அம்மா போனில் அழைத்தால் ஸ்வாஹிலிக்கு மாறிவிடுவார். ஒரு மாலை, துணிவை வரவழைத்துக்கொண்டு அவரிடம் சொன்னேன்.

"குனா ம்த்து ந்தானி."

அவர் முகம் வெளுத்தது. பாய்ந்து போய்ப் பின்னாலிருந்த குளிர் அறையைத் திறந்தார். வெண்புகை வந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.

"ஏன் பாய் இப்படிப் பயமுறுத்துற? உள்ளே ஆள் இருக்குன்னு சொன்னியே!"

அன்றுதான் எனக்குப் பொருள் தெரிந்தது.

பிறகு அவரிடமே அந்த மொழியைக் கற்றேன். ஏன் கற்றேன்? தண்டனையா? ஆசையா? அறியேன்! கற்கக் கற்க, அலுவலகத்தில் ஜுமா பேசியவை ஒவ்வொன்றாக என் காதுக்குள் விளங்கத் தொடங்கின. மூன்று முறை சொன்னேன்... சரி என்று பதில் வந்தது... அதனால்தான் நம்பி நின்றேன்...

ஒரு வெள்ளிக்கிழமை போன் கார்டு வாங்கி அந்த எண்ணை அழைத்தேன். ஏதோ கடை. ஜுமாவைக் கூட்டி வந்தார்கள். என் பெயரைச் சொன்னதும் அவன் குரல் துள்ளியது.

"சகோதரா! நல்ல வேளை கூப்பிட்ட! ஹமீசியோட அம்மா இங்கேதான் இருக்காங்க. நான் எச்சரிக்கவே இல்லைன்னு கம்பெனி சொன்னதை நம்பிட்டாங்க. என் முகத்தைப் பார்க்கறதே இல்லை. நீதானே வாக்கிடாக்கியில கேட்ட... நீயே சொல்லு!"

போன் கைமாறும் ஓசை. ஒரு பெண்ணின் மூச்சு.

"மகனே, அவன் சொன்னானா? உனக்குக் கேட்டதா?"

ஒரு சொல் கூட எனக்குப் புரியாமல் போகவில்லை. 'ஆம்' என்று சொன்னால் போதும்! சொன்னால், பிறகு ஏன் இயந்திரம் ஓடியது என்று கேட்பாளே!

அவள் மறுபடி கேட்டாள். பிறகு அழுதாள். பிறகு மூச்சு மட்டும். பக்கத்தில் ஜுமா, "பேசு, பேசு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

கார்டில் பதினொரு நிமிடம் மிச்சம் இருந்தது. அது தீரும்வரை காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இன்னொரு கார்டு வாங்கவில்லை.