எஸ்தர் பெரியம்மா கொடுத்த சமாதானம்

தேங்காயெண்ணெய் வாசனை பக்கத்தில் வந்தாலே அப்போது நான் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வேன். மானாம்பதிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஓடு போட்ட சின்ன சர்ச் ஒன்று இருந்தது, எங்களுக்கு அது 'கோயில்'. திருவிருந்து ஞாயிறுகளில் போதகர் தரையில் விரித்த முதல் பாயில் இருப்பவரின் கைகளைத் தம் கைகளுக்குள் வைத்துச் 'சமாதானம்' கொடுப்பார்; அவர் அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு என்று அது கைமாறிக் கைமாறிக் கடைசிப் பாய்வரை போகும். பெண்கள் பக்கத்துக் கடைசிப் பாயில் எஸ்தர் பெரியம்மா இருப்பார். இளம் வயதில் வந்த 'பெருவியாதி', அதாவது தொழுநோய், மருந்தில் குணமாகிவிட்டாலும் விரல்கள் மடங்கியது மடங்கியதுதான். தோல் வெடிக்காமலிருக்க எப்போதும் எண்ணெய் தடவியிருப்பார்.

அவர் பக்கத்தில் உட்கார ஆளில்லை என்று என் அம்மா போய் உட்கார்ந்தார். அதோடு விட்டாரா? புதன்கிழமை ஜெபம் முடிந்ததும் அவரை வீட்டுக்கு அழைத்து வந்து எங்கள் தட்டிலேயே சோறு போடுவார். அது எந்தத் தட்டு என்று நினைவு வைத்துக்கொள்வதே எனக்கு வேலையாகிப்போனது. "கோயில்ல அக்கான்னு கூப்ட்டுட்டு வூட்டுல வேற தட்டு வெக்கச் சொல்றியா? அவங்க எப்பவோ நல்லாயிட்டாங்கடி" என்பார் அம்மா. என் காதில் ஏறினால்தானே! குளிக்கும்போதெல்லாம் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொள்வேன்.

ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது சுகாதாரத்துறைக்காரர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையின் கையையும் முதுகையும் பார்த்தார். என் தோளில் வெளுப்பாக ஒரு திட்டு இருந்தது. கண்ணை மூடச் சொல்லி, இறகால் தொட்டு, "எங்க தொட்டேன், காட்டு" என்றார். பயத்தில் எனக்கு உடம்பே மரத்துப்போயிருந்தது. தப்புத் தப்பாகக் காட்டினேன்; தொட்டது தெரியாத திட்டென்றால் பெருவியாதி என்றுதான் சந்தேகப்படுவார்கள். அடுத்த வாரம் உத்திரமேரூரில் டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். இனிமேல் என் தட்டையும் யாராவது நினைவு வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

செய்தி எங்களுக்கு முன்பே கோயிலுக்குப் போய்விட்டது. அந்த ஞாயிறு எங்கள் பாயில் அம்மா, நான், எஸ்தர் பெரியம்மா மூன்று பேர்தான். வரிசையாக வந்த சமாதானம் எங்களுக்கு முந்தின பாயோடு நின்றது; அங்கிருந்த அம்மாள் எங்களைப் பார்த்துத் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். யாருக்கும் அஞ்சாத அம்மா முந்தானையால் என் தோளை மூடியதைப் பார்த்ததும் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போய்விட்டது.

யாராவது கொடுக்கும்வரை காத்திருந்தே பழகிய எஸ்தர் பெரியம்மா எழுந்தார். எல்லோரும் பார்க்க முன்னால் நடந்து, போதகரிடம் கைகளை நீட்டிச் சமாதானத்தை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். மடங்கிய விரல்களால் பிடிக்க முடியாததால் என் கைகளைத் தம் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டார். "இன்னாத்துக்கு அயுவுற கண்ணு? நான் கீறேன் இல்ல" என்றார். யாரைக் கண்டு அத்தனை நாள் நடுங்கினேனோ அவரை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆராதனை முடிந்தும் விடவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு வெறும் தேமல் என்றார். அடுத்த முறை எல்லாக் கைகளும் சிரித்துக்கொண்டே எங்களைத் தேடி வந்தன. பெரியம்மாவுக்கு மட்டும் பழையபடி அம்மாதான், கூட நானும்.

இப்போது பாய்கள் போய்ப் பெஞ்சுகள் வந்துவிட்டன. அந்த நோயையும் அதிகம் காண முடிவதில்லை, பெரியம்மாவும் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு சமாதானத்தையும் இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டு முடித்துக்கொள்கிறோம். சுத்தமாக இருக்கிறது, சீக்கிரமும் முடிகிறது. யாருடைய கைகளைத் தொட ஆளில்லை என்பதுதான் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.