எண்களை மட்டும் உள்ளிடவும்

அந்த வலைப்பக்கத்தை எழுதியவன் எவனோ, அவன் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அப்பா படுத்த படுக்கையாகிவிட்ட வருஷம் அது. எனக்கு வேலை கிடைத்தால்தான் தம்பி காலேஜ் போக முடியும். திருவொற்றியூர் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒரு கன்டெய்னர் கம்பெனியின் டைப்பிங் வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். எல்லாம் நிரப்பி சப்மிட்டை அமுக்கினால், எங்கேயோ சர்வரில் இருந்த சரிபார்க்கும் நிரல், ஸ்கிரிப்ட் என்பார்கள், அதை வாங்கிப் பார்த்துவிட்டு மூஞ்சியில் விட்டெறிந்தது. போன் எண்ணில் எழுத்து இருக்கக் கூடாதாம். திரும்பிப் போனால் நிரப்பியதெல்லாம் காலி.

நான் போட்ட எழுத்து பி.பி. எங்கள் வீட்டில் போன் கிடையாது. கீழ்வீட்டு எண்ணைக் கொடுத்து, பக்கத்தில் பி.பி. என்று போடுவோம். பார்க்கிறவர்கள் அது அடுத்த வீட்டு போன் என்று புரிந்து, விலாசத்தைப் பார்த்து "மாடி வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுங்கள்" என்று கேட்பார்கள். ஊருக்கெல்லாம் செல்லுபடியான அது, இந்த ஸ்கிரிப்ட் துரைக்கு மட்டும் ஆகவில்லை.

"அத்தத் தூக்கிட்டு நம்பர மட்டும் போடும்மா. டைம் ஓடிகினு கீது," என்றார் சென்டர்காரர். எடுத்துவிட்டேன். ஸ்கிரிப்ட் நன்றி சொன்னது.

சில நாள் கழித்துக் கீழ்வீட்டு அக்கா குழாயடியில் சொன்னார்: "எவனோ போன் பண்ணி, ஒரு பேரச் சொல்லி, இன்டர்வியூக்கு வரச் சொல்லுன்னான். அப்டி யாரும் இங்க இல்லன்னு வெச்சுட்டேன், பாப்பா."

அது என் சர்டிபிகேட் பெயர். அவருக்கு நான் பாப்பாதான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கம்பெனிக்கு ஓடினேன்; ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். தம்பி காலேஜ் படி ஏறவில்லை. எண்ணூர் பக்கம் லாரியில் கிளீனராக ஏறினான்.

பிறகு நானே வலைப்பக்கம் எழுதும் வேலையைக் கற்றுக்கொண்டு, ராயபுரத்தில் வெப்சைட் செய்யும் சின்ன ஆபீஸில் சேர்ந்தேன். அங்கிருந்த சீனியரும் ஒரு வேலை விண்ணப்பத்தின் ஸ்கிரிப்டில், போன் எண்ணில் எழுத்து இருந்தால் திருப்பியடிக்கும் அதே சோதனையை எழுதி வைத்திருந்தான். பி.பி. போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"சொந்தமா போன் இல்லாதவங்க எதுக்கு நெட்ல அப்ளை பண்ணணும்?" என்று சிரித்தான்.

அவன் சாப்பிடப் போனதும் அந்த வரிகளை அழித்தேன். திரும்பி வந்து பார்த்தவன், "இதுல யார் கை வெச்சது?" என்றான்.

"நாந்தான்," என்றேன். "கீழ்வூட்டு போன நம்பிகினு கீறவங்களும் வேலைக்கு வரட்டும். இன்னா இப்போ?"