ஒரு கை நீளமான மழைக்கோட்டு

செய்தி வந்தபோது காலை ஆறு மணி. சாம்பியாவில், லுவாங்வா ஆற்றங்கரை விடுதியின் சாப்பாட்டுக் கொட்டகைக்குள் இரத்தினவேல் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். விடுதியில் இணையம் கிடைப்பது அந்தக் கொட்டகைக்குள் மட்டும்தான். இரவு தொடங்கிய மழை இன்னும் விட்டபாடில்லை. வெளியே ஜீப் புறப்படத் தயாராக நின்றது. மனைவி மங்களேஸ்வரி தொப்பியை எங்கே வைத்தோம் என்று பையைக் கிளறிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கைபேசி அதிர்ந்தது.

ரொறன்ரோவிலிருந்து பழைய பள்ளித்தோழன் ஒருவன் எழுதியிருந்தான். "இரத்தினம், இப்பதான் அறிவித்தல் பாத்தன். கொண்ணையின்ர ஆத்மா சாந்தியடையட்டும். செத்தவீடு எப்ப?"

கீழே அந்த மரண அறிவித்தலையும் இணைத்திருந்தான். இரு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் கழுத்துப்பட்டி கட்டிய அண்ணன் சிவானந்தன். நோர்வே லோறென்ஸ்கூக்கை வதிவிடமாகக் கொண்டிருந்தவர் சனிக்கிழமை காலமானார் என்று இருந்தது. மனைவியை முன்பே இழந்தவர், ராகவியின் பாசமிகு தந்தை என்பதற்குப் பிறகு, "இரத்தினவேல் (நோர்வே) அவர்களின் அன்புச் சகோதரரும்" என்று இவருடைய பெயர். அன்று செவ்வாய்க்கிழமை. ஊர் அறிந்து, கனடா அறிந்து, கடைசியாகத்தான் கூடப் பிறந்தவன் அறிந்தான்.

அதைவிட வேறொன்று அவரைப் பிடித்து உலுக்கியது. ஞாயிற்றுக்கிழமை அவர் அண்ணனுக்கு ஒரு யானைப் படம் அனுப்பியிருந்தார். பதிலாக நிமிர்ந்த பெருவிரல் ஒன்று வந்தது. திங்கட்கிழமை அனுப்பிய ஆற்றுப் படத்துக்கும் அப்படியே. சனிக்கிழமை செத்த மனிதன் ஞாயிற்றுக்கிழமை எப்படி விரல் காட்டுவான்?

இந்தப் பயணமே சிவானந்தனுடைய ஏற்பாடுதான். எண்பதுகளில் நோர்வேக்கு வந்து, வடக்கே மீன் வெட்டும் தொழிற்சாலையில் விரல் விறைக்க நின்று, தம்பியைக் கூப்பிட்டு, பிறகு ஒஸ்லோவில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கிழிந்த சீருடைகளையும் படுக்கை விரிப்புகளையும் தைத்தே ஓய்வு பெற்றவர். வீட்டிலும் ஒரு தையல் இயந்திரம் வைத்திருந்தார். தம்பிக்கு எந்த வேலை, எந்தப் பெண், ஸ்டோவ்னர் குடியிருப்பில் எத்தனையாம் மாடி, எல்லாம் அவர் சொல்லி நடந்தவை. பாராட்டிப் பழக்கமில்லாத வாய். நல்லதென்றால் பேசாமல் இருப்பார். பேசினால் பிழை பிடிப்பார்.

தொலைக்காட்சியில் விலங்குகளைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றுவிடாமல் பார்ப்பவர். அண்ணனும் தம்பியும் சேர்ந்து போவதாகத்தான் இருந்தது. சிறுநீரகம் கைவிட்டு, வாரத்தில் பாதி நாட்கள் இரத்தம் சுத்திகரிக்கும் கட்டிலில் கழியத் தொடங்கியதும், "நீ போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு" என்றுவிட்டார். பஸ் சாரதியான தம்பியோடு வேலை செய்பவர்கள் எல்லோரும் ஆடி ஆவணியில் போகச் சொன்னார்கள். அப்போதுதான் புல் காய்ந்திருக்கும், மிருகமெல்லாம் தண்ணீரைத் தேடி ஓரிடத்துக்கு வரும் என்றார்கள். அண்ணன் விடவில்லை.

"தண்ணிக்குத் தவிச்சு வாறதைப் போய்ப் பாக்கிறது என்ன பார்வையடா? மாசியில போ. மழை பெய்யும், காடு பச்சையா இருக்கும். நீ காணாட்டிலும் அதுகள் வயிறு நிறைஞ்சு நிக்கும்."

மழைக்கோட்டும் அவர் வாங்கித் தந்ததுதான். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் மலிவு விற்பனை. மங்கிய பச்சை நிறம். போட்டுப் பார்த்தால் இரண்டு கைகளும் விரல்களைத் தாண்டித் தொங்கின.

"அண்ணை, என்னட்டை பஸ் கொம்பனி தந்த மழைக்கோட்டு கிடக்குத்தானே?"

"அந்த மஞ்சளைப் போட்டுக்கொண்டு போனியெண்டால், சிங்கம் டிக்கெட் எடுக்க வந்து வரிசையில நிக்கும். கையைத் தா இஞ்சை."

தையல் சோக்கால் இரண்டு கைகளின் உட்புறத்திலும் அளவு குறித்து, வலது கையை வெட்டி மடித்துத் தைத்தார். ஊசி போன துளைகளால் தண்ணீர் ஊறாமல் உட்பக்கம் பட்டி ஒட்டி, சூடு காட்டி அழுத்தினார். அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. "மற்றக் கை நீ வந்தாப்பிறகு. யானை உன்ர கையை அளக்காது."

கொட்டகைக்குள் நின்றபடியே இரத்தினவேல் ராகவியை அழைத்தார். ஒஸ்லோவில் ஐந்து மணி. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ராகவி, யானைப் படத்துக்கு விரல் காட்டினது ஆர்?"

மறுபக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி.

"நான்தான் சித்தப்பா."

"செத்த மனிசன்ர போனாலயோ?"

"பதில் வராட்டில் நீங்கள் பயந்திடுவியள் எண்டு... அப்பாதான் சொன்னவர், சித்தப்பா. அம்புலன்சுக்குள்ள என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவர், சித்தப்பா வந்து இறங்குமட்டும் ஒண்டும் சொல்லிப்போடாதை எண்டு. செத்தவீட்டுக்குக் கப்பெல் அடுத்த கிழமைதான் கிடைச்சது. நீங்கள் அதுக்கு முதல் வந்திடுவியள்."

"அப்ப அறிவித்தல் ஏன் போட்டனி?"

"அம்மா பக்கத்து மாமிமார் விடேல்லை. காட்டுக்குள்ள சிக்னல் இருக்காது எண்டு நினைச்சன்."

"யானைப் படம் பின்னை எதில வந்தது? யானையோ கொண்டுவந்தது?"

அவள் சிரிக்கத் தொடங்கி அழுதாள். அவர் தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

அண்ணனுக்கு இது முதல் தடவை அல்ல. தொண்ணூற்றைந்து யாழ்ப்பாண இடப்பெயர்வில், கொடிகாமத்தில் அம்மா இறந்த செய்தி சிவானந்தனுக்குத்தான் முதலில் வந்தது. அந்த வாரம் தம்பிக்கு பஸ் ஓட்டும் சோதனை. சோதனை முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. தேறிய அன்று கோழி வாங்கிக் காய்ச்சி, தம்பி சாப்பிட்டு முடித்த பிறகே சொன்னார். சாவுத் துடக்குக்குள் இறைச்சி தின்ன வைத்துவிட்டான் என்று இரத்தினவேல் மாதக்கணக்காக முகம் கொடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அண்ணன் வயிறு சரியில்லையென்று சோறும் பருப்பும் மட்டுமே சாப்பிட்டது பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஏன் ஒளித்தீர்கள் என்று கேட்டபோது, "தெரிஞ்சிருந்தால் என்ன செய்திருப்பாய்? போயிருப்பியோ?" என்றார். அன்று போரால் பாதை மூடியிருந்தது. இந்த முறை போயிருக்கலாம். அதுதான் வித்தியாசம்.

மங்களேஸ்வரி அறிவித்தலைப் பார்த்துவிட்டு, "ஐயோ அத்தான்" என்று கதிரையில் இருந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இஞ்சருங்கோ, பிறகு அழுவம். முதல்ல தலைக்கு வாருங்கோ."

இழவு கேட்டால் முழுக வேண்டும். ஆனால் இரவு மின்னலில் பம்பு நின்று, குழாய்கள் வறண்டு கிடந்தன. வானம் கொட்டுகிறது, குழாயில் சொட்டு இல்லை. இரத்தினவேல் மழைக்கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, கொட்டகைக் கூரையின் இறவாணத்துக்குக் கீழே, தண்ணீர் கயிறுகயிறாக விழும் இடத்தில் போய் நின்றார்.

வழிகாட்டி முலெங்கா பதறி ஓடிவந்தான். இரவில் நீர்யானை மேய்ந்த இடம், உள்ளே வாருங்கள், குளிக்க வேண்டுமென்றால் சுடுதண்ணீர் தருகிறேன் என்று ஆங்கிலத்தில் மன்றாடினான். மங்களேஸ்வரி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டினார்.

"பிரதர். டெட். வாட்டர்."

முலெங்கா இரத்தினவேலைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு, தானும் மழையில் இறங்கி நின்றான்.

சின்ன விமானம் அடுத்த நாள் மதியம்தான் என்றார்கள். பயணச்சீட்டை மாற்றிவிட்டு அறையில் இருந்தால் சுவர்கள் நெருக்கின. பின்னேரம் இரத்தினவேல் கோட்டை எடுத்தார்.

"துடக்கோட மிருகம் பாக்கப் போறியளோ?"

"பாத்திட்டு வா எண்டு அனுப்பினவர். நான் இஞ்சை படுத்திருந்தன் எண்டு போய்ச் சொல்லவோ?"

யாரிடம் போய்ச் சொல்வது என்று மங்களேஸ்வரி கேட்கவில்லை.

புல் ஆளுயரத்துக்கு நின்றது. பாதை செங்குழம்பாகக் கிடந்தது. நெடுநேரம் ஒன்றும் தென்படவில்லை. முலெங்காவுக்கே வெட்கமாகிவிட்டது, இருக்கின்றன, புல்தான் மறைக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு ஜீப்பை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தான். புல் குறைந்த வெட்டையில் ஒரு மான் தனியே நின்றது. புக்கு என்று அதற்குப் பெயர் சொன்னான். மழையில் நனைந்தபடி, மேயாமல், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

அதைப் பார்க்காதீர்கள், இந்தப் பக்கம் பாருங்கள் என்று கிட்டவிருந்த புற்பற்றையைக் காட்டினான். குட்டி அதற்குள் படுத்திருக்கிறது. தாய் பக்கத்தில் நின்றால் சிறுத்தைக்கு இடம் தெரிந்துவிடும். அதனால் எட்டப்போய், தனக்கும் அதற்கும் ஒட்டில்லை என்பதுபோல் நிற்கும். பால் கொடுக்க மட்டும் வரும்.

இரத்தினவேலுக்குப் புல்லைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கண் பூக்கும்வரை பார்த்தார். ஒரு பெரிய துளி விழுந்தது. பற்றைக்குள் ஒரு காது துடித்து அடங்கியது. படம் எடுக்கக் கைபேசியை எடுத்தவர், கோட்டின் நீண்ட இடது கை விரல்களை மூடியதில் அதைக் கீழே விட்டார். குனிந்து எடுத்தபோது காது இல்லை, புல் மட்டும்தான். தாய் இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது.

அடிஸ் அபாபா விமான நிலையத்தில், காத்திருந்த நேரத்தில், அவர் அண்ணனோடான உரையாடலைக் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டு போனார். விரல். அதற்கு மேலே இன்னொரு விரல். இந்த இரண்டும் ராகவி. அதற்கும் மேலே வெள்ளிக்கிழமை. ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னால் நின்று எடுத்த படம். அதற்கு அண்ணன் எழுதியது: "கையை மடிச்சு விடு. கோமாளி மாதிரி நிக்கிறாய். ஒட்டகச்சிவிங்கி வடிவாய்த்தான் நிக்குது. வா, தைச்சுத் தாறன்."

அதுதான் கடைசி. அதை எழுதியது அவரேதான். வேறு யாராலும் அப்படி எழுதியிருக்க முடியாது. முப்பத்தைந்து வருடத்தில் அண்ணன் தனக்கு ஒரு நாளும் பெருவிரல் காட்டியதில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தைத்தது. ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருக்க வேண்டும். யானை அவ்வளவு மங்கலாக விழுந்திருந்தது; ஒரு பிழையும் பிடிக்காமல் விடுகிற ஆளா?

லோறென்ஸ்கூக் வீட்டு வாசலில் பனிக்கட்டியின் மேல் சரளைக்கல் தூவியிருந்தது. திட்டுவதற்கென்று வழிநெடுகச் சேர்த்து வைத்த சொற்களோடு மணியை அழுத்தினார். ராகவி கதவைத் திறந்தாள். தகப்பனுடைய பெரிய சுவெட்டர் ஒன்றைப் போட்டிருந்தாள்.

"சித்தப்பா, என்னோட கோவமோ?"

அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"கொப்பர் அம்மான்ர சாவை ஒளிச்சவர். இப்ப தன்ர சாவையும் ஒளிக்கப் பாத்தவர். நீ என்ன செய்வாய்." சப்பாத்தை ஓரமாக வைத்தார். "ஆனால் ஒண்டு. அவர் மாதிரி எழுதுறதெண்டால் நாலு பிழை பிடிச்செல்லோ எழுத வேணும்? விரல் காட்டினால் ஆர் நம்புவினம்?"

"நீங்கள் நம்பினனீங்கள்தானே!"

"ஓம், நம்பினன்தான்" என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது. அவள் வந்து கட்டிக்கொண்டாள். இருவரும் கதவைச் சாத்தவும் மறந்து நின்றார்கள். வீட்டுக்குள் குளிர் புகுந்தது.

செத்தவீட்டு நாளன்று மழையும் பனியும் கலந்து விழுந்தன. கப்பெலுக்குள் வாய்க்கரிசி போடக் குனிந்தபோது மழைக்கோட்டின் இடது கை நழுவி வந்து விரல்களை மூடியது. பின்னால் நின்ற மங்களேஸ்வரி எட்டி அதை இரண்டு மடிப்பு மடித்துவிட்டார். அவர் அரிசியைப் போட்டார்.

அந்தக் கோட்டைத்தான் அவர் இப்போதும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிறார். ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் ஒரு மணித்தியாலத்தில் தைத்துத் தருவார்கள் என்று மங்களேஸ்வரி இருமுறை சொல்லிப் பார்த்தார். பாப்பம் என்பார். வலது கை தைத்து, பட்டி ஒட்டி முடிந்திருக்கிறது. இடது கையின் உட்புறத்தில் சோக்குக் கோடு மட்டும் இருக்கிறது.