குழிக்காரம்மாவின் இரட்டைக்குழல்

துப்பாக்கி சுடும் கிளப்பில் எல்லோரும் அவரைக் குழிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சுடுபவர்கள் நிற்கும் வரிசைக்கு முன்னால், தரைக்குக் கீழே ஒரு கான்கிரீட் குழி. அதற்குள் தட்டெறியும் இயந்திரம். களிமண் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன் கையில் வைப்பது அவர் வேலை. மேலே ஒருவர் "விடு" என்பார். தட்டு சீறிக்கொண்டு வானத்தில் ஏறும், தலைக்கு மேல் வெடி கேட்கும். பத்தொன்பது வருடமாக இதே வேலை. தட்டில் பட்டதா இல்லையா என்பதை எட்டிப் பார்க்காமல், சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

கணவருக்கும் அதே கிளப்பில்தான் வேலை. உறுப்பினர்களின் துப்பாக்கிகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு வைப்பார். வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு உறுப்பினர் தன் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை அவர் பேரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கிளப்புக்கு விடுமுறை வரும் நாட்களில் புருஷனும் பெண்டாட்டியும் மிச்சமான தோட்டாக்களை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போவார்கள். கணவர் ஐந்து சுட்டால் இவர் ஐந்து. பெரும்பாலும் இவருக்குத்தான் அதிகம் படும். அவருக்கு அதில் கொஞ்சமும் வருத்தம் கிடையாது.

அவர் இறந்த பிறகு லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்ற குழிக்காரம்மா ஒன்றேகால் வருடம் அலைந்தார். போலீஸ் அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "உங்களுக்கு எதுக்கும்மா துப்பாக்கி?"

"உங்க இடுப்புல இருக்கே, அது எதுக்கு சார்?"

அதற்காகவே இன்னும் இரண்டு மாதம் இழுத்தார்கள் என்று மகன் இன்றைக்கும் சொல்வான்.

லைசென்ஸ் வந்தது. துப்பாக்கிதான் படுத்துவிட்டது. குழல்களுக்குள் துரு, தோளில் வைக்கும் கட்டையில் விரிசல், மடக்கினால் பூட்டு லொடலொடவென்று ஆடியது. அந்த நேரம் பார்த்து கிளப் செயலாளர் வீட்டுக்கே வந்தார். வந்தவர் குழிக்காரம்மா போட்ட நாற்காலியில் உட்கார்ந்து மகனோடு பேசினார். கிளப் வரவேற்பறையில் புதிதாக ஒரு கண்ணாடி அலமாரி செய்திருக்கிறார்களாம். பழைய துப்பாக்கி ஒன்று வைத்தால் எடுப்பாக இருக்குமாம். விலையையும் நல்லபடியாகவே சொன்னார்.

மகன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கணக்காகப் பார்ப்பவன். செயலாளர் போனதும் சொன்னான்: "குடுத்துடலாம்மா. உன் முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கலாம். அதை வச்சுக்கிட்டு நாம என்ன பண்ணப்போறோம்?"

அவன் சொன்னதில் தப்பில்லை. குழிக்குள் ஏறி இறங்கியே கால் போய்விட்டது. குழிக்காரம்மாவும் அரை மனதாகத் தலையாட்டினார். மறுநாள் கிளப்பில் செயலாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அலமாரியில எங்க வீட்டுக்காரர் பேரைப் போடுவீங்களா சார்?"

செயலாளர் சிரித்தார். "கிளப்பை ஆரம்பிச்சவர் பேர்ல வைக்கிறோம்மா. பாக்குறவங்களுக்கு ஒரு மதிப்பு வேணும்ல. உங்ககிட்ட இருந்தா அது வெறும் இரும்பு."

அன்று வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. கொடுத்துவிடலாம் என்று கொண்டுவந்திருந்த துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ரிப்பேர்காரரின் பட்டறைக்குப் போனார். ரிப்பேர்காரர் குழலை விளக்குக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார்.

"விக்கிறதுன்னா இதைத் தொடாதீங்கம்மா. பழசு பழசா இருந்தாத்தான் விலை. சுடணும்னா குழலைக் குடையணும், பூட்டை இறுக்கணும். இந்தக் கட்டையும் உங்க கைக்கு நீளம். ரெண்டு விரக்கடை வெட்டணும். வெட்டிட்டா அப்புறம் எவனும் வாங்க மாட்டான்."

"சுடுமா?"

"சுடும்."

"வெட்டுங்க."

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு..."

"என் பேர்ல இருக்கு. என் தோள்ல வைக்கப்போறேன். வெட்டுங்கண்ணே."

மகன் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள், "வெட்டின துண்டையாவது வாங்கிட்டு வந்தியா?" என்று கேட்டான். பட்டறைக்காரர் அடுப்பில் போட்டுவிட்டார் என்று தெரிந்ததும், என்ன நினைத்தானோ, சிரித்துவிட்டான். அதன் பிறகு ஊருக்கு வெளியே ரிப்பேர்காரர் துப்பாக்கிகளைச் சோதித்துப் பார்க்கும் பொட்டலுக்கு ஞாயிறுதோறும் அம்மாவை பைக்கில் கூட்டிப்போனவன் அவன்தான்.

கிளப்பின் ஆண்டுப் போட்டி விதியில் ஒரு வரி உண்டு: சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் உள்ள எவரும் கலந்துகொள்ளலாம். வேலைக்காரர் யாரிடமும் துப்பாக்கி இருக்காது என்ற நம்பிக்கையில் எழுதிய வரி அது. குழிக்காரம்மா படிவத்தை நிரப்பி மேஜைமேல் வைத்தார்.

"அப்போ குழியில யார் இருப்பா?" என்றார் செயலாளர்.

"அதை நீங்கதான் பாக்கணும். அன்னைக்கு நான் லீவு."

தோட்டக்காரரைக் குழிக்குள் இறக்கினார்கள். குழிக்காரம்மா வரிசையில் நின்றார். முதல் மூன்று தட்டும் பத்திரமாகப் பறந்துபோய்ப் புல்லில் விழுந்தன. யாரோ பின்னால் செருமினார்கள். கணவர் போன பிறகு தட்டுகள் கிளம்புவதைக் கீழேயிருந்தே பார்த்த கண், மேலே வந்து கொஞ்சம் தடுமாறியது. நான்காவது தட்டு தூளாகியது. இருபத்தைந்தில் பதினாறு. இருபத்திரண்டு பேரில் ஒன்பதாம் இடம்.

அடுத்த வருடம் அறிவிப்புப் பலகையில் புது விதி ஒட்டியிருந்தது: உறுப்பினர்களுக்கு மட்டும். அவர் நின்று இரண்டு முறை படித்தார். பிறகு அலுவலகத்துக்குள் போய், உறுப்பினர் சேர்க்கைப் படிவம் ஒன்று வேண்டும் என்றார்.

அதற்கு இரண்டு உறுப்பினர்களின் கையெழுத்து தேவை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிவத்தோடு மேஜை மேஜையாகப் போனார். சிலர் கை கழுவ எழுந்தார்கள், சிலருக்குத் திடீரென்று போன் வந்தது. ஒரு பல் டாக்டர் மட்டும் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இன்னொன்று கிடைக்க ஐந்து நாளானது. போட்டவர், அந்தப் போட்டியில் பத்தாவதாக வந்த வக்கீலம்மா.

"உங்கமேல இரக்கப்பட்டுப் போடலை. உங்களை ஒரு தடவையாவது ஜெயிக்கணும். அதுக்கு நீங்க போட்டியில இருக்கணும்ல."

"முயற்சி பண்ணுங்க" என்றார் குழிக்காரம்மா.

கமிட்டி மூன்று முறை கூடியது. வேலையை விட்டால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்படி விதி எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்று இவர் கேட்டார். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. சேர்த்துக்கொண்டார்கள்.

போன வருடம் அவருக்குப் பதினான்காம் இடம்தான். வக்கீலம்மா பதினொன்று. முழங்கால் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். மகன் அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"காலா சுடுது? அன்னைக்கு நான் சரியா சுடலை. அவ்வளவுதான்."