பின் சீட்டில் மூன்று வருஷம்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் திருவண்ணாமலையிலிருந்து புறப்பட்டோம். புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மாதம் ஒருமுறை போய் வருகிற வழியில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வருஷப் பழைய பெட்ரோல் வண்டி. புதுச்சேரியில் சாரம் என்ற பகுதியில் இருக்கும் என் நாத்தனார், தெரிந்த பையன் ஒருவனிடம் பேசி முடித்துத் தன் தம்பிக்கு மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிக் கொடுத்தது. அதனால் அந்த வண்டியைக் குறை சொன்னால் நாத்தனாரைக் குறை சொன்னதாகும். வாங்கிய சில மாதத்திலேயே அது மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியது. சிக்னலில் நின்றால் குளிர்காய்ச்சல்காரனைப் போல் உதறும், மேட்டில் ஏறினால் திக்கும். என் வீட்டுக்காரர் அதற்குக் கண்டுபிடித்த காரணம் எங்கள் ஊர் பெட்ரோல். "இங்க கலப்படம் மீனா. பாண்டி பெட்ரோல் போட்டா சரியாயிடும்" என்பார். அங்கே விலையும் குறைவு என்பதால் அவருக்கு அக்கா மேல் இருக்கும் பாசம் டேங்க் காலியாகும்போது பொங்கும். போய் நிரப்பிக்கொண்டு வருவோம், திரும்பி வருவதற்குள் கணிசமானதை வண்டி குடித்துவிடும். இப்படியொரு சிக்கனம்.

எனக்கு அந்த வண்டியில் ஏறினால் தலைவலி. நெற்றிப்பொட்டில் பிடித்து, பிறகு வயிற்றைப் புரட்டும். என்னவோ ஒரு நாற்றம் வருகிறது என்று சொன்னேன். மல்லிகை வாசனை பாட்டில் ஒன்றை வாங்கித் தொங்கவிட்டார். கண்ணாடியை இறக்கினால், "ஏசி வீணாவுது, ஏத்து" என்பார். நாத்தனாரோ, "எங்க வீட்டுக்கு வரும்போதுதான் உனக்குத் தலவலி வருது, இல்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அந்தச் சிரிப்பு எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

என் மகள் கயலுக்குப் பத்து வயது. பிள்ளையைப் பின்னால் தனியாக விடக்கூடாது என்று நானும் பின் சீட்டில்தான் உட்காருவேன். அன்றும் ஊரைத் தாண்டுவதற்குள் என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். "கார்ல ஏறினா எம் பொண்ணு எவ்ளோ சமத்தா தூங்குறா பாரு" என்று அவர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். வழக்கமாகச் சொல்வதுதான்.

திண்டிவனத்தில் எட்டு மணி. மேம்பாலத்துக்கு அருகில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். வண்டி உதறியது. கிளியனூர் தாண்டும்போது எனக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை. ஒன்பதே முக்காலுக்குச் சாரத்தில் வண்டி நின்றது. கயலை எழுப்பினேன். எழவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன், கன்னத்தில் தட்டினேன், "ம்" என்று ஒரு முனகல் மட்டும். தூக்கிக்கொண்டு இறங்கினேன். பத்து வயதுப் பிள்ளையின் கனத்தை அன்றுதான் அறிந்தேன். வாசலில் வைத்தே வாந்தி எடுத்தாள்.

"அம்மா மாதிரியே பொண்ணும்" என்றார் நாத்தனார்.

கயலைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அடுத்த தெருவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். போய்ச் சேர்வதற்குள் காற்றுப்பட்டுக் கயல் கொஞ்சம் தெளிந்திருந்தாள். டாக்டர் நாடியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கும் தலவலி இருக்கா?"

"இருக்கு டாக்டர். எப்பவும் இந்தக் கார்ல வந்தா இருக்கும். வெளிய நின்னா போயிடும்."

"பஸ்ல போனா?"

"ஒண்ணும் ஆவாது."

அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "சார், வண்டியப் பாருங்க மொதல்ல. பொகை உள்ள வருதுன்னு நெனைக்கிறேன். அதோட கொழந்தைய அதுல ஏத்தாதீங்க. பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிடுங்க."

என் வீட்டுக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. நான் மூன்று வருஷமாகச் சொன்னதுதான் இது. டாக்டர் ஒரே தடவை சொன்னதும் காதில் ஏறியது. எனக்கு வந்த கோபத்தில் சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, கயலை நாத்தனார் வீட்டில் படுக்கவைத்தோம். மதியம் ஒரு மணிக்கு, வண்டியைக் காட்ட, ஊரை ஒட்டியிருக்கும் மேட்டுப்பாளையம் போனோம். இந்த மேட்டுப்பாளையத்தில் மலையும் இல்லை, மலை ரயிலும் இல்லை. தொழிற்பேட்டை, லாரிகள், வெல்டிங் வெளிச்சம், சாலையெல்லாம் கரி. நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஏசியை அவரே அணைத்தார்.

காதர் பாய் என்பவரின் பட்டறை. நாற்பத்தைந்து வயதிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்டோம் என்ற கடுகடுப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

"என்னா சார் பிரச்சன?"

"மிஸ்ஸிங் அடிக்குது பாய். பெட்ரோல் கலப்படம்னு நெனைக்கிறேன்."

"பிளக் மாத்திடலாம். நாலு மணிக்கு வாங்க."

அதோடு முடித்து அனுப்பியிருப்பார். நான் குறுக்கிட்டேன். "பிளக் மட்டும் இல்ல பாய். பின் சீட்டுல நாத்தம் வருது. முன்னாடி அவ்ளோ இல்ல. ஓடும்போது கொஞ்சமா வரும், டிராஃபிக்ல நின்னா ஜாஸ்தி. கண்ணாடி ஏத்தி ஏசி போட்டா இன்னும் மோசம். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது அடியில டப்டப்னு ஒரு சத்தம் கேக்கும்."

பாய் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "எங்க கேக்குது, எஞ்சின்லயா, அடியிலயா?"

"என் காலுக்குக் கீழ."

அதன் பிறகு அவர் என் வீட்டுக்காரரிடம் ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட குறடால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முதல் வயரைப் பிடுங்கியதும் எஞ்சின் தடுமாறியது. மாட்டிவிட்டு இரண்டாவதைப் பிடுங்கினார், மறுபடியும் தடுமாற்றம். மூன்றாவதைப் பிடுங்கியபோது ஒரு மாற்றமும் இல்லை. அந்த சிலிண்டர் ஏற்கெனவே செத்துக் கிடந்தது. கழற்றிய பிளக் கரிபிடித்து, பெட்ரோலில் நனைந்திருந்தது. வயரில் பழைய டேப் ஒன்று சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே வெடிப்பு.

"நாலுல ஒண்ணு வேலை செய்யல சார். எரியாத பெட்ரோல் அப்டியே சைலன்சருக்குப் போவுது. பாண்டி பெட்ரோல் போட்டாலும் அதேதான்" என்றார்.

அடுத்து வண்டியை, அடியில் இறங்கி வேலை பார்க்கும் பள்ளத்தின் மேல் நிறுத்தி, என் வீட்டுக்காரரை உள்ளே இறங்கிச் சைலன்சர் நுனியைத் துணியால் அடைத்துப் பிடிக்கச் சொன்னார். குழாய் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தெளித்தார். பின் சீட்டுக்கு நேர் அடியில், இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் நுரை கொப்பளித்தது. அங்கே யாரோ எண்ணெய் டின் தகரத்தை வளைத்து, கட்டுக்கம்பியால் சுற்றியிருந்தார்கள். தகரம் துருப்பிடித்து விலகியிருந்தது.

"வித்தவன் பண்ணின வேல" என்றார் பாய். பிறகு பின் சீட்டைத் தூக்கி, கம்பளத்தை உரித்தார். பள்ளத்தில் நின்ற என் வீட்டுக்காரரிடம் டார்ச்சைக் கொடுத்து மேலே பார்த்து அடிக்கச் சொன்னார்.

சீட்டுக்குக் கீழே தரையில் வட்டமாக ஒரு வெளிச்சம் வந்தது. பழைய சொந்தக்காரன் பெரிய ஸ்பீக்கர் வைக்க வயர் இழுத்த ஓட்டை. ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டவன் ஓட்டையை அடைக்கவில்லை. கயல் தலை வைத்துப் படுக்கும் பக்கம். நான் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பள்ளத்திலிருந்து, "தெரியுதா, தெரியுதா?" என்று கேட்டார். குனிந்து அந்த ஓட்டையை உள்ளங்கையால் மூடினேன்.

புது வயர், புது பிளக், குழாய்க்கு வெல்டிங், ஓட்டைக்குத் தகடு வைத்து அடைப்பு. முடியும்போது மாலை ஏழு. மறுபடி சோப்புத் தண்ணீர் தெளித்து, நுரை வரவில்லை என்பதை நானே குனிந்து பார்த்த பிறகுதான் வண்டியில் ஏறினேன்.

சாரத்தில் நாத்தனார் கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லக்கா, பிளக் வயர் போயிருந்துச்சு" என்றார் என் வீட்டுக்காரர். தகரத்தைப் பற்றியோ ஓட்டையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அக்கா மனது நோகக்கூடாதாம். "அப்ப இனிமே தலவலின்னு சொல்ல முடியாது" என்று நாத்தனார் சிரித்தார்.

"ஆமா அண்ணி. நீங்க வாங்கிக் குடுத்த வண்டியில ஓட்ட இருந்துச்சு. எம் பொண்ணு அதும்மேல படுத்து மூணு வருஷம் பொகை குடிச்சிருக்கா. இனிமே சொல்ல மாட்டேன்" என்றேன். 

ஞாயிற்றுக்கிழமை காலை ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், பயப்பட வேண்டாம் என்றார். பஸ்ஸில் போகிறேன் என்றேன் நான். கயல்தான் அப்பாவைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று அடம்பிடித்தாள். கண்ணாடிகளை இறக்கியபடி கிளம்பினோம். வண்டி உதறவில்லை. வெயிலும் தூசியும் முகத்தில் அடித்தன, தலைவலி வரவில்லை.

கயல் தூங்கவே இல்லை. ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு வழியெல்லாம் கேள்வி. திண்டிவனம் தாண்டி முக்கால் மணி நேரம் போனதும் செஞ்சி வந்தது. சாலைக்கு இருபுறமும் கோட்டை மலைகள், உச்சி வரைக்கும் மதில். அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அம்மா, இது என்னாம்மா? போன தடவ வந்தப்ப இது இல்லியே!"

அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். போகவும் வரவுமாக எத்தனையோ முறை அவளை இந்த மலைகளுக்கு நடுவே கொண்டுபோயிருக்கிறோம், சமத்தாகத் தூங்குகிறாள் என்று மெச்சிக்கொண்டே. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். கயல் இறங்கி, கழுத்தைப் பின்னால் சாய்த்து மேலே பார்த்தாள். நாங்கள் இருவரும் மலையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.