அன்வர் பாய் மாட்டாத டயர்

செய்தியைக் கொண்டுவந்தவர் பர்கூர் பஸ்ஸின் கண்டக்டர். கைப்புண்ணுக்குக் கட்டு மாற்ற ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், முறை வந்து என் எதிரில் உட்கார்ந்ததும், "டயர் கடை பாய் போயிட்டாருங்க டாக்டரம்மா. காலையில கடையத் தொறக்கப் போனவரு நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தாராம். அவ்ளோதான்" என்றார். எந்த பாய் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த டயர் கடை பாய் அன்வர் பாய் ஒருவர்தான். கட்டைப் போட்டு முடித்தேன். கோணலாகப் போட்டிருக்கிறேன் என்று நர்ஸ் அதை அவிழ்த்து மறுபடி போட்டாள்.

பர்கூரில் அவர் வீட்டு வாசலில் ஆண்கள் கூடி நின்றார்கள். உடலை எடுத்துப்போகும் சந்தூக்கு இன்னும் பள்ளிவாசலிலிருந்து வந்து சேரவில்லை. நான் உள்ளே போகக் காலைத் தூக்கியபோது, லாரி முதலாளி ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "நல்ல மனுஷன்தான்யா. தொழில்லதான் சுத்தம் பத்தாது. அந்த ஓசூர் டாக்டரம்மா காரு கவுந்தது இவரு மாட்டுன டயராலதான?" அந்த ஓசூர் டாக்டரம்மா நான்தான் என்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். வார்டில் என் சத்தம் கேட்டால் நோயாளிகள்கூட எழுந்து உட்காருவார்கள். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. மூன்று வருஷமாகத் திறக்காத வாய், பிணம் கிடக்கிற வாசலில் மட்டும் எப்படித் திறக்கும்?

வியாபாரிகள் சங்கத்து மலருக்கு அன்வர் பாயைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். அவரை அறிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், எனவே சுற்றி வளைக்கவில்லை. அவர்மேல் இருக்கும் அந்தப் பழி பொய். அதைப் பொய் என்று ஊர் நம்பும்படி சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்தவளும் நான்தான்.

தர்மபுரி ஜில்லா தனியாகப் பிரிந்த இரண்டாம் வருஷம் நான் அந்த சிவப்பு ஹெரால்ட் காரை வாங்கினேன். இரண்டே கதவு, தரையை ஒட்டின உடம்பு. பெங்களூரில் பந்தயப் பிரியர் ஒருவர் ஓட்டி அலுத்துப்போய் விற்ற வண்டி. ஓசூரில் வைத்தியம், வாரம் இரண்டு நாள் சூளகிரியில் முகாம், கஷ்டமான கேஸ் என்றால் கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரி. அத்தனைக்கும் அந்த வண்டிதான். ஒரு பெண் தனியாகக் கார் ஓட்டுகிறாள், அதுவும் வேகமாக ஓட்டுகிறாள் என்று எங்கள் ஆஸ்பத்திரிக் கமிட்டியில் முணுமுணுப்பு. எனக்கு அது சர்க்கரை. நான்கு டயரும் வழுக்கை விழுந்தபோது, அன்றைக்கு ஓசூரிலேயே இருந்த அன்வர் பாய் கடைக்குப் போனேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஓட்டுறவங்களுக்கு அவசரம் இருக்கு, டயருக்கு உசிரு இல்ல" என்றார். யாரிடமும் சிரித்துப் பேசத் தெரியாதவர், என்னைப் பார்த்து மட்டும் லேசாகச் சிரித்தார்.

டயர் தேர்ந்தெடுப்பது எப்படி என்று அன்றைக்கு அவர் எனக்குக் காட்டியது, ஒரு டாக்டர் நாடி பார்ப்பதற்குக் குறைந்ததில்லை. கட்டை விரல் நகத்தை ரப்பரில் அழுத்தி எடுத்தார். தடம் உடனே மறைந்தால் நல்லது, வெள்ளையாக நின்றால் கிடங்கில் காய்ந்த சரக்கு. ரப்பர் ஒட்டிப் புதுப்பித்த டயரை நான் கேட்டபோது வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். "மாட்டு வண்டி வேகத்துல போறவங்களுக்கு அது போதும். நீங்க போற போக்குக்கு ஒட்டுனது உரிஞ்சி வந்துரும்." இறக்குமதிச் சரக்கின் விலை சம்பளக்காரிக்குக் கட்டாது. உள்நாட்டுப் புது டயர் நான்கையும் சேர்த்து மாட்டச் சொன்னார். "நாலும் ஒரே வீட்டுப் பிள்ளைங்களா இருக்கணும் டாக்டரம்மா. வேகமா போற வண்டிக்கு அதான் முக்கியம்" என்றார்.

நான்தான் கேட்கவில்லை. அந்த வாரம் பெங்களூரில், சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் தன் சாமான்களை விற்றார். அதில் பாதி தேய்ந்த இரண்டு ரேடியல் டயர்கள் கிடைத்தன. அப்போது இந்தப் பக்கத்தில் அந்தப் பெயரையே பலர் கேட்டதில்லை. ரோட்டைப் பல்லி மாதிரிப் பிடிக்கும் என்று விற்றவர் சொன்னார். இரண்டையும் பின் சீட்டில் போட்டுக்கொண்டு வந்து பாய் கடை வாசலில் இறக்கினேன். மலிவாக மகுடம் வாங்கிவந்த பெருமை எனக்கு.

அவர் முகம் சுருங்கிவிட்டது. பெங்களூரில் பெரிய கராஜ் ஒன்றில் வேலை பார்த்த நாளிலேயே அவருக்கு ரேடியல் பழக்கம். "நல்ல டயருதான். நாலு இருந்தா மாட்டுங்க. ரெண்டு வச்சிக்கிட்டு என்ன பண்றது?" என்றார். முன்னால் இதை மாட்டி, பின்னால் உங்கள் சரக்கு இரண்டைப் போடுங்கள் என்றேன். "முன்னாடியா? முடியாதுங்க. முன்னாடி இது ரோட்ட விடாது, பின்னாடி அது விட்டுரும். திரும்புறப்ப வாலு தலைய முந்திரும். போட்டே ஆகணும்னா பின்னாடிதான் போடுவேன். இல்ல, வேற கடைக்குப் போங்க." என்னிடம் அப்படிப் பேசியவர்கள் அந்த ஊரில் குறைவு. எரிச்சலோடு சம்மதித்தேன். ரேடியலைப் பின்னால்தான் மாட்டினார். தன் கையால், என் கண் முன்னால்.

இனி வருவது என் அகராதித்தனம். இந்தப் பக்கத்து லாரிக்காரர், பஸ்காரர் எல்லாருக்கும் ஒரே வழக்கம்தான்: நல்ல டயர் முன்னால், பழசு பின்னால். முன் டயர் வெடித்தால் ஆள் காலி என்பது அவர்கள் கணக்கு. லாரிக்கு அது சரிதான். என் வண்டியைப் பார்த்தவர்களெல்லாம், "சீமை டயரப் போயி பின்னாடி போட்டிருக்கீங்களே, தலைகீழா இருக்கே" என்று சிரித்தார்கள். ஸ்டியரிங்கும் எனக்குக் கொஞ்சம் மந்தமாகப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நானே ஜாக்கி போட்டேன். பின் சக்கரங்கள் முன்னால் போயின, முன் சக்கரங்கள் பின்னால் வந்தன. உதவிக்கு ஆள் இல்லை, பார்த்தவரும் இல்லை. மறுநாள் வண்டி நான் நினைத்த இடத்தில் நினைத்த மாதிரி திரும்பியது. "பாய்க்கு என்ன தெரியும்?" என்று வாய்விட்டே சொன்னேன்.

ஒன்பது நாள் கழித்து, மழை பெய்த ஒரு மத்தியானம். சூளகிரி முகாமுக்கு முனியப்பா என்பவர் தன் மனைவியைக் கட்டை வண்டியில் கொண்டுவந்தார். தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்தது, என்னிடம் கத்தி வைக்க வசதியில்லை. அவளைப் பின் சீட்டில் படுக்கவைத்து, முனியப்பாவை என் பக்கத்தில் உட்காரவைத்துக் கிருஷ்ணகிரிக்குக் கிளப்பினேன். மேலுமலை இறக்கத்தில் அவள் சத்தம் நின்றுவிட்டது. "அம்மா, பேச மாட்றாளே, திரும்பிப் பாருங்கம்மா" என்று முனியப்பா கதறினார். நான் திரும்பவில்லை. இடது வளைவு வந்தது; பிரேக்கில் கால் வைத்தேன், அழுத்தக்கூட இல்லை. முன் சக்கரம் ரோட்டைப் பிடித்துக்கொண்டது. வண்டியின் பின்பாதி என்னைக் கடந்து வலது பக்கமாக முன்னால் வந்தது. பாய் சொன்ன அதே சொல் அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் வரவில்லை. பக்கவாட்டில் போய்ப் பள்ளத்துப் பாறையில் மோதிக் கவிழ்ந்தோம்.

பின்னால் வந்த பஸ்காரர்கள் எங்களை இழுத்துப்போட்டார்கள். என் தோள் எலும்பு உடைந்தது. முனியப்பாவின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இன்றும் சாய்ந்துதான் நடக்கிறார். அவர் மனைவியை அந்த பஸ்ஸிலேயே கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனார்கள். கடவுள் புண்ணியத்தில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கவிழ்ந்த காரை ஆட்கள் சேர்ந்து நிமிர்த்தியபோது, முன் டயர் இரண்டும் பக்கவாட்டில் பிதுங்கி நின்றன. ரேடியல் டயர் காற்று நிறைய இருந்தாலும் அப்படித்தான் பிதுங்கும். அதுவரை ரேடியலைப் பார்த்திராத கூட்டம் வேறு என்ன நினைக்கும்? காற்றே அடிக்காத பழைய டயரை டாக்டரம்மா தலையில் பாய் கட்டிவிட்டார் என்று முடிவு கட்டியது. நான் கிருஷ்ணகிரிக் கட்டிலில் கண் திறப்பதற்குள் அந்தப் பேச்சு ஓசூர் போய்ச் சேர்ந்துவிட்டது.

விசாரிக்க வந்த சப் இன்ஸ்பெக்டர் கட்டில் ஓரம் நின்று, "இந்த டயரையெல்லாம் யாரும்மா மாட்டுனது?" என்று கேட்டார். கமிட்டிச் செயலாளர் எதிரில் நின்றார். என்னை வேலையை விட்டு அனுப்ப அவருக்கு ஒரு வார்த்தை போதும். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கதவருகே, கையில் காப்பி பிளாஸ்க்கோடு நின்றிருந்த அன்வர் பாய், "நான்தாங்க. எல்லாம் என் கடையில மாட்டுனதுதான்" என்றார். மோதிய காரை அவர் ஏற்கனவே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எந்தச் சக்கரம் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியும், யார் மாற்றியிருப்பார் என்றும் தெரியும். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாரும் போனபிறகு, "ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?" என்று அழுதேன். அவர் பிளாஸ்க் மூடியில் காப்பியை ஊற்றி ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஓசூர்ல டயர் கடை இன்னும் ரெண்டு இருக்குங்க. பொம்பள டாக்டர் நீங்க ஒருத்தர்தான். உங்கள அனுப்பிட்டா, இந்தப் பக்கத்துப் பொம்பளைங்க எங்க போவாங்க? எங்க வீட்டுலயும் மாசமா இருக்காங்க." கொஞ்ச நாள் பேசுவார்கள், அப்புறம் வேறு பேச்சுக் கிடைத்துவிடும் என்றார். தோள் குணமானதும் நானே கமிட்டியிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். தோள் குணமாகிவிட்டது.

பேச்சு ஓயவில்லை. லாரி முதலாளிகள் ஒவ்வொருவராகக் கடை மாறினார்கள். அவர் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, "காத்தாவது அடிப்பியா பாய்?" என்று கேலி பண்ணிவிட்டுப் போனவர்களும் உண்டு, அதை நான் என் காதால் கேட்டேன். கடைசியில் ஓசூர் கடையைக் காலி செய்து பர்கூரில் போய்ச் சின்னதாக ஒன்று போட்டார். கிருஷ்ணகிரிக்குப் போகிற நாளில் நான் பர்கூர் வரை போய் அவரிடம்தான் டயர் பார்ப்பேன். நான்கையும் நகத்தால் அழுத்திப் பார்த்து, "போயிட்டு வாங்க, நிதானமா" என்பார். வார்த்தையில் ஒரு குத்தல், பார்வையில் ஒரு கேள்வி, எதுவும் கிடையாது. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நானும் கோபப்பட்டாவது உண்மையைச் சொல்லியிருப்பேன்.

அவர் மறைந்து பத்து நாள் கழித்து அவர் மனைவி மெஹருன்னிசாவைப் பார்க்கப் போனேன். அவளுக்குப் பிரசவம் பார்த்தவள் நான். பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. பாய் மேல் தப்பில்லை, சக்கரத்தை மாற்றியது நான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும் டாக்டரம்மா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா என்கிட்ட பிரசவத்துக்கு வந்தே?"

"வர மாட்டேன்னுதான் சண்ட போட்டேன். செத்தாலும் அந்தப் பொம்பள கை என் மேல படக்கூடாதுன்னேன். அவருதான் கேக்கல. உனக்குத் தெரியும்னு காட்டிக்காத, தெரிஞ்சா அவங்களுக்குக் கை நடுங்கும், நடுங்குற கையில உன்னை விட்டுட்டு நான் வெளிய நிக்க முடியாதுன்னாரு." பிள்ளையின் தலையைத் தடவினாள். "நான் பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். வலி தாங்குறேன்னு நீங்க பாராட்டுனீங்க."

அவரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது என்ன என்று கேட்டால், என் வேலைதான். தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு அவர் எனக்குக் காப்பாற்றித் தந்த வேலை. இந்த மலர் ஆஸ்பத்திரிக் கமிட்டியின் கைக்குப் போனபிறகு அதுவும் இருக்குமா என்று தெரியாது. இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் கடைக்கு முன்னால் நின்று கேலி பண்ணியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்: அந்த டயர்களை முன்னால் மாட்டியது நான். அன்வர் பாய் முடியாது என்றார். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். தெலுங்குக்காரருக்குத் தெலுங்கில், கன்னடக்காரருக்குக் கன்னடத்தில் சொல்லுங்கள். முனியப்பாவுக்கு மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அவரிடம் நான் போய்ச் சொல்ல வேண்டும்.