பசிக்க நடந்தவர்

உடம்பைக் குறைக்கவென்று மாதக்கணக்கில் நடந்து எடை கூடிய மனிதன், பெரம்பலூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதற்காகப் புத்தகங்கள் வேறு படித்தேன். வேர்க்க விறுவிறுக்க நடந்தால் முதலில் பசி அடங்கும், பிறகு வட்டியோடு திரும்பி வரும் என்று போட்டிருந்தது. அது திரும்பி வரும்போது எதிரே யார் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

என் எதிரே உட்கார்ந்தவர் கண்டக்டர் அண்ணன். அரியலூர் பஸ்ஸில் காலமெல்லாம் நின்றுகொண்டே போய்வந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தில் முதல் நாளே என் வயிற்றைப் பார்த்து, “நீங்க கொறைக்க நடக்குறீங்க, நான் பசிக்க நடக்குறேன் சார்” என்றார். பஸ் குலுக்குகிற குலுக்கலில் அரியலூர் வருவதற்குள் வயிறு கூப்பாடு போடுமாம். மனைவி இறந்தபின், வீட்டில் உட்கார்ந்தால் அது வாயே திறப்பதில்லையாம். “தட்டப் போட்டுக்கிட்டு செவுத்தப் பாத்து எப்படி சார் திங்கிறது?” சட்டைக் காலருக்குள் அவர் கழுத்து தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

நடந்து முடித்து, கொஞ்சம் ஆறி, வாசலிலிருந்த இட்லிக் கடைக்குள் நுழைவோம். நான் கை கழுவப் போனால் அவரும் பாதித் தட்டில் எழுந்துவிடுவார். “டிரைவர் எந்திரிச்சா நானும் எந்திரிச்சிருவேன் சார், வண்டி கெளம்பிருமில்ல. அப்படியே பழகிருச்சு.” ஆகவே அவர் இரண்டு இட்லியை முடிக்கும்வரை நான் பொங்கல், அதன்மேல் ஒரு வடை என்று இழுத்துக்கொண்டிருந்தேன். தியாகம் என்றே நினைத்துக்கொண்டேன். வடையும் நன்றாக இருந்தது. அவர் காலர் நிறைந்தது. என் பேண்ட்டும் நிறைந்தது.

பிறகு அரியலூரிலிருந்து மகள் வந்து அவரை அழைத்துப்போய்விட்டாள். நல்ல காரியம்தான். மகன் படிப்புக்காக என் மனைவி சென்னையில் வீடெடுத்துத் தங்கியிருந்தாள். நான் மட்டும் நடந்தேன். அதே சுற்று, அதே வேர்வை. கடை வாசலில் நின்று பார்ப்பேன். உள்ளே போகத் தோன்றாது. வீட்டில் வடித்த சோற்றில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பேன், மறுநாள் அதையும் கொட்டுவேன். பேண்ட்டை பெல்ட்தான் தாங்கிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அரியலூர் போனேன். பேரப்பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அடுத்த தோசைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார் அண்ணன். நடப்பதையெல்லாம் விட்டுவிட்டாராம். என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்து, அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்:

“ஏம்மா, மாப்பிள்ளையக் கூப்புடு. சார் எப்படி வாயக் கட்டி எளச்சிருக்காருன்னு வந்து பாக்கச் சொல்லு!”